கணக்கில் வராத யூனிட்

ஒரு நூற்பாலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ராஜபாளையத்து மில்காரர்கள் பார்க்கும் எண்களில் ஒன்று, ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் கரண்ட் ஆனது என்பது. மில் பேச்சில் அதற்கு யூ.கே.ஜி. என்று பெயர். நூலின் நம்பர் ஏற ஏறச் செலவும் ஏறும் என்பதால் எல்லா நூலையும் 40-ஆம் நம்பருக்குக் கணக்கு மாற்றிக்கொண்டுதான் ஓர் ஆலையை இன்னோர் ஆலையோடு ஒப்பிடுவார்கள். 1956-ல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நம் வாயில் சிட்ரா, இந்த ஒப்பீட்டை ஒரு துறையாகவே வளர்த்தது. புளோரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு இழுக்கிறது என்பது தனித்தனியாகத் தெரியும். மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி ஸ்பின்னிங் ஃப்ரேமுக்கே போய்விடும் என்பது அங்கே வேலை பார்க்கும் எவரும் சொல்லக்கூடிய தகவல். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். தாமிரபரணித் தண்ணீரில் ஓடும் பாபநாசம் மின்நிலையம் வந்தது 1944-ல். மாநில மின்வாரியம் பிறந்தது 1957-ல். இந்த ஊரின் தொழிலும் தெற்கத்தி மின்சாரமும் கூடவே வளர்ந்தவை. பக்கத்தில் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்காரர்களுக்கும் கணக்கு அத்துப்படி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று 2006-ல் வந்தது, 2016-ல் 750 ஆனது. இலவச வரம்பை எந்தத் தேதியில் தாண்டுவோம் என்று தறி ஓட்டுகிறவருக்கு மனக்கணக்காகவே தெரியும்.

பெரிய ஆலைக்கு வரும் உயர் அழுத்த மின்பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஓடிய யூனிட்டுக்கு ஒன்று, 'டிமாண்ட்' என்ற தலைப்பில் ஒன்று. டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு கேட்போம் என்று வாரியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். கேட்காவிட்டாலும் அதில் 90 சதவீதத்துக்குக் கட்ட வேண்டும். ஓடுகிற செலவும் ஒதுக்கி வைத்த இடமும் வேறு வேறு, இரண்டுக்கும் காசு உண்டு என்பதை அந்த பில் மாதந்தோறும் நினைவூட்டும். கணினியில் புராசஸர் செய்யும் வேலையும் மெமரியில் பிடித்து வைத்த இடமும் இதே இரண்டு வகைதான். எதையும் செய்யாமல் ஒரு மூலையில் திறந்து கிடக்கும் பக்கம்கூட இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறது. ஆனால் 2000-ஐ ஒட்டி ராஜபாளையத்துக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்து சேர்ந்த பிரவுசர், மீட்டர் பொருத்தாத இயந்திரமாக வந்தது. பிரவுசர் மெமரியைத் தின்கிறது, பேட்டரியைக் குடிக்கிறது என்ற புலம்பல் இன்று எல்லோருக்கும் பொது. அந்தத் தீனி ஏன் வளர்ந்தது என்பதற்கு நுட்பக் காரணங்கள் பல. அடிக்காரணம் ஒன்று என்பது என் வாதம்: பக்கத்தை எழுதுகிறவர் செலவைத் தீர்மானித்தார், படிக்கிறவர் செலவைக் கட்டினார், நடுவில் அளவுகோல் இல்லை. இந்த இரண்டு ஊர்களின் இருபத்தைந்து ஆண்டு மின்சார வரலாற்றோடு பிரவுசரின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

தொடக்கம் இப்படி இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னை போன்ற பெருநகரங்களில் இரண்டு விதமான கணக்குகள் கிடைத்தன. படங்களோடு பார்க்கும் கணக்கு தனிநபருக்கே ஆண்டுக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் கிடைத்தது 'ஷெல்' கணக்கு, வெறும் எழுத்து மட்டும் வரும். அந்த மலிவுக் கணக்கில் லின்க்ஸ் என்ற பிரவுசர் ஓடியது வி.எஸ்.என்.எல்.லின் கணினியில். வீட்டிலிருந்த பெட்டி, வந்த எழுத்தைத் திரையில் காட்டும் வேலையை மட்டும் செய்தது. பழைய 386 கணினிகூடப் போதும். படிப்பவர் மேல் சுமை ஏறவில்லை. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் வந்த பிறகு பக்கத்தை வரையும் வேலை வீட்டுப் பெட்டிக்கு மாறியது. அதிலும் ஆரம்பத்தில் ஓர் எல்லை இருந்தது. பக்கம் இறங்கும், வரையப்படும், அதோடு வேலை முடிந்தது. அரை மணி நேரம் அதைப் படித்தாலும் புராசஸர் சும்மாதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகத்தில் புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்து படிக்கிறவரிடம், பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் பத்தாண்டு இணையமும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. இறக்கும் நேரத்துக்கு டெலிபோன் பில் உண்டு, படிக்கும் நேரத்துக்குக் கணினியில் செலவில்லை. அந்த எல்லையை உடைத்தது 1995-ல் நெட்ஸ்கேப்புக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட். பக்கம் வந்து சேர்ந்த பிறகும் அதனுள் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்றானது. அதை எவ்வளவு நேரம் ஓட விடலாம் என்பதற்கு எந்த வரம்பும் யாரும் எழுதவில்லை. அன்று அது யாருக்கும் பெரிதாகத் தெரியவும் இல்லை, பக்கத்தில் ஓடும் எழுத்தும் படம் மாறும் பொத்தானும் காட்டத்தான் அதைப் பயன்படுத்தினார்கள்.

நம் ஊர்களில் இந்தக் காலம் பிரவுசிங் சென்டரின் காலம். பஸ் ஸ்டாண்டு பக்கம், கல்லூரி பஸ் நிற்கும் இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றியிருந்த டைப்பிங், ஜெராக்ஸ் கடைகள் என்று இடம் பார்த்துப் பலகைகள் எழுந்தன. 1984-ல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வரும் குடும்பங்கள், வெளிநாட்டுக்குப் போனவருக்கு மெயில் அனுப்ப வருகிறவர்கள் என்று ஆட்கள் இருந்தார்கள். பிரவுசரின் செலவுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்த ஒரே காலம் இதுதான் என்பேன். மணிக்கு இருபது, முப்பது ரூபாய் வாங்கும் கடைக்காரருக்குக் கரண்ட் பில் வணிக விகிதத்தில் வந்தது. குண்டு மானிட்டர் ஒன்றே எழுபது, எண்பது வாட் இழுக்கும். யூ.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் படுத்துவிடும். ஒரு பக்கம் மெமரியைப் பிடித்துக்கொண்டு கணினி உறைந்து போனால், உட்கார்ந்திருப்பவர் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு தர மாட்டார். தேவையற்ற டூல்பாரைக் கழற்றுவதும், தானாகத் திறக்கும் விளம்பர ஜன்னலை அடைப்பதும், ராத்திரி எல்லாக் கணினியையும் துடைத்து வைப்பதும் கடைக்காரரின் தினசரி வேலை. பெட்டி ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்பதை அவர் தறிக்காரரின் கண்ணோடு பார்த்தார். இதே ஆண்டுகளில், 2001-ல், மேலூர் பக்கத்துக் கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கார்டெக்ட் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் போட்டபோது, கணினியோடு பேட்டரி காப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள். கிராமத்தில் கரண்ட் எப்படி வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. இணைப்பின் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் என்பதால் பக்கமும் சிறியதாக இருக்க வேண்டியிருந்தது. பக்கம் சிறியதாக இருந்தால் செலவும் சிறியதாக இருக்கும் என்பது அப்போது யாரும் போதிக்காமலே நடந்தது.

தமிழ் எழுத்தே பிரவுசருக்குச் சுமை என்று ஒரு பேச்சு அந்த நாளில் உண்டு. இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை கொஞ்சம்தான். முதலில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு, பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவை இறக்கு என்று கேட்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற தரங்களைத் தந்தது. பிறகு யூனிகோட் வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழ் சரியாகத் தெரிய, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை சி.டி. போட்டு ஏற்ற வேண்டும். அந்த சி.டி. பல கடைகளில் கைவசம் இருக்காது என்பது வேறு விஷயம். யூனிகோடில் 'கொ' என்று எழுதினால் மெய்யும் உயிர்க்குறியும் வரிசையாகச் சேமிக்கப்படும், காட்டும்போது கொம்பை முன்னால் போட்டு காலைப் பின்னால் போட வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை இல்லை. ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட். இதெல்லாம் சரி. ஆனால் ஐந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை என்றால் மொத்தம் பத்துப் பதினைந்து கிலோபைட், சுருக்கி அனுப்பினால் அதிலும் குறைவு. அதன் பக்கத்தில் ஓடும் ஒரு விளம்பரப் படம் அதைப்போலப் பத்து மடங்கு. எழுத்தை அடுக்கும் வேலையைப் புராசஸர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டு ஓய்ந்துவிடும். தமிழ்ப் பக்கங்கள் இன்று கனமாக இருந்தால் அந்தக் கனம் தமிழால் வந்ததல்ல.

கனம் வந்த வழி வேறு. 2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ். பக்கத்தைப் புதிதாக இறக்காமலே சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் வித்தை 1999-லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்தது. அதை வைத்து முழு மென்பொருளையே பிரவுசருக்குள் ஓட்டலாம் என்று இவை காட்டின. இதில் ராஜபாளையத்துக்கும் ஒரு நேரடிப் பங்கு உண்டு. ராம்கோ குழுமம் 1989-ல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கிய மென்பொருள் முயற்சிதான் ராம்கோ சிஸ்டம்ஸ் ஆனது. வேலை நடப்பது சென்னை தரமணியில், ஆனால் பதிவு அலுவலகம் இன்றும் ராஜபாளையம் பி.எஸ்.கே. நகர். ஆலைகளின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளைச் செய்து விற்றவர்கள், 2000-களின் பிற்பகுதியில் அதை ஒவ்வொரு கணினியிலும் நிறுவாமல் இணையம் வழியே வாடகைக்குத் தரும் முறைக்கு வந்தார்கள். வாங்குகிறவருக்கு லாபம் கண்கூடு: சொந்தமாக சர்வர் வேண்டாம், அதற்கு ஏ.சி. வேண்டாம், பராமரிக்க ஆள் வேண்டாம். ஆனால் கணக்கரின் மேஜையில் காலை ஒன்பது மணிக்குத் திறந்த பிரவுசர் மாலை ஆறு மணிவரை மூடப்படாது. படிக்கும் கருவியாக வந்தது ஷிஃப்ட் முழுக்க ஓடும் இயந்திரமாக மாறியது. ஷிஃப்ட் முழுக்க ஓடும் எந்த இயந்திரத்துக்கும் யூனிட் கணக்கு வைத்திருந்த ஊரில் இதற்கு மட்டும் கணக்கு வைக்க ஏற்பாடு இல்லை.

2008 என்ற ஆண்டில் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 2-ல் கூகுள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து நவம்பரில் தமிழ்நாடு மின்வாரியம் உயர் அழுத்த ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டைக் கொண்டுவந்தது. ஒதுக்கியதற்கு மேல் இழுத்தால் தண்டக் கட்டணம். ராஜபாளையம் ஆலைகள் ஜெனரேட்டரையும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளையும் நம்பி, காற்று அடிக்கும் மாதங்களைக் கணக்குப் பார்த்து ஓட்டின. எந்தப் பிரிவை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதே நிர்வாகமாக இருந்த நாட்கள். அதே வேளையில் உலகுக்கு வந்த குரோம், ஒவ்வொரு டேபையும் தனித்தனி நிரலாக ஓட்டும் அமைப்போடு வந்தது. பழைய ஆலைகளில் ஒரே எஞ்சினிலிருந்து நீண்ட ஷாஃப்டும் பெல்ட்டும் போட்டு எல்லா இயந்திரத்தையும் சுழற்றுவார்கள். எஞ்சின் நின்றால் ஆலையே நிற்கும். பிறகு இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்தது, செலவு கூடினாலும் ஒன்று நின்றால் மற்றது ஓடும். குரோம் செய்ததும் அதுவே. ஒரு பக்கம் செத்தால் பிரவுசர் முழுக்கச் சாகாது. பழைய ஃபயர்ஃபாக்ஸில் ஒரு மோசமான பக்கம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இந்த அமைப்பின் கூடுதல் செலவைக் குரோமின் ஆட்கள் மறைக்கவில்லை. வெளியீட்டுக்காக ஸ்காட் மெக்லவுட் வரைந்த படக்கதையிலேயே தொடக்கத்தில் மெமரி கூடுதலாகும் என்று சொல்லியிருக்கிறார்கள், டேபை மூடும்போது இடம் முழுதாகத் திரும்பி வரும் என்பதால் நாளடைவில் ஈடாகும் என்பது அவர்கள் சமாதானம். டேபை மூடுகிறவர்களுக்கு அது உண்மை. கூடவே எந்த டேப் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் ஒரு பட்டியலையும் பிரவுசருக்குள்ளேயே வைத்தார்கள். பிரிவுவாரி மீட்டர் என்று சொல்லத்தக்க முதல் பொருள் அது. மெனுவுக்குள் ஒளிந்திருந்ததால் பார்த்தவர்கள் சிலரே.

மூன்று ஆண்டில் சுமை வீட்டுக்குள் வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் போயின. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுவே. முதல் தொகுதிகளில் ரேம் 2 ஜி.பி. விண்டோஸும் ஃபேஸ்புக் பக்கமும் நான்கைந்து டேபும் சேர்ந்தால் அது நிறைந்துவிடும். நிறைந்ததும் கணினி ஹார்ட் டிஸ்க்கை மெமரிபோலப் பயன்படுத்தத் தொடங்கும், டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும். பேட்டரி முக்கியமாக இருந்ததோ இதே ஆண்டுகளில்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு இருந்த நாட்கள் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு ராத்திரியில் இருந்த ஒரே வெளிச்சம் சிலபோது அந்தத் திரை. சரியாக அந்தக் காலத்தில் குரோமில் ஒரு பிழை குடியிருந்தது. விண்டோஸின் உள்கடிகாரம் சாதாரணமாக நொடிக்கு 64 முறை புராசஸரைத் தட்டி எழுப்பும். குரோம் அதை நொடிக்கு 1,000 முறையாக மாற்றி, தான் சும்மா இருக்கும்போதும் அப்படியே விட்டுவைத்தது. அடிக்கடி எழுப்பப்படும் புராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதில்லை. இப்படிக் கடிகாரத்தை வேகப்படுத்தினால் மின்செலவு 25 சதவீதம்வரை கூடலாம் என்று மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணமே எச்சரித்திருந்தது. பிழை 2010-லேயே குரோமின் பிழைப் பட்டியலில் பதிவானது. அது கவனம் பெற்றுத் திருத்தப்பட்டது 2014-ல், ஒரு பத்திரிகையாளர் எழுதி ஊரறிந்த பிறகு. தமிழ்நாட்டின் மின்வெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தப் பிழை உயிரோடு இருந்தது. கூகுளின் அலட்சியம் என்று இதை முடித்துவிட முடியாது. பிரவுசரை எழுதியவர்கள் வேகத்தை அளந்தார்கள், வேகத்தில்தான் போட்டி இருந்தது, வேகத்துக்கு ஒவ்வொரு வாரமும் எண் வந்தது. பேட்டரிக்கு எண் கேட்டவர் யாருமில்லை. ஒரு நூற்பாலையில் ஒரு ஃப்ரேம் காரணமில்லாமல் கூடுதலாக இழுத்தால், அடுத்த மாத யூ.கே.ஜி. தாளில் அது தெரிந்துவிடும். நான்கு ஆண்டு ஆகாது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும், மூன்றும் லேசானவை அல்ல. காலியாகக் கிடக்கும் மெமரி வீண், அதை நிரப்பி வைத்தால்தான் அடுத்த பக்கம் சட்டென்று வரும் என்பது முதலாவது. நுட்பமாகப் பார்த்தால் சரி. ரேம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அந்த மெமரி பிரவுசருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. 16 ஜி.பி. வைத்திருக்கும் பொறியாளரின் மேஜையில் செல்லும் அந்த வாதம், 2 ஜி.பி.யில் வேர்டும் அச்சுப்பொறி மென்பொருளும் சேர்ந்து ஓட வேண்டிய நீதிமன்றத் தெரு டைப்பிங் கடையில் செல்லாது. அங்கே பிரவுசர் பிடித்து வைக்கும் ஒவ்வொரு மெகாபைட்டும் இன்னொன்றை டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. ஒப்பந்த டிமாண்டை ஒரே பிரிவு எடுத்துக்கொண்டால் மற்றப் பிரிவு நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதை நான் முழுதாக ஏற்கிறேன். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற புராசஸர் ஓட்டை வெளியானபோது, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் மெமரியை எட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தது. வங்கிப் பக்கமும் பொழுதுபோக்குப் பக்கமும் ஒரே நிரலுக்குள் இருக்கக் கூடாது என்று குரோம் தளத்துக்குத் தளம் சுவர் எழுப்பியது. மெமரி 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் எண்ணோடு அறிவித்தது. என் வாதத்துக்கு இது சாதகமான சான்று என்றே சொல்வேன். காரணமும் விலையும் சேர்த்துச் சொல்லப்பட்ட செலவு இது. அதை மறுத்தவர் அதிகமில்லை. ஒரு விளம்பர நிரல் பின்னணியில் எவ்வளவு தின்கிறது என்று இதே நேர்மையோடு எந்தச் செய்தித் தளமும் சொன்னதில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதனால் வலுவானதும்கூட: ஒரு வீட்டுக்கு இதனால் என்ன ஆகிவிடும்? பிரவுசரின் வீண் வேலையால் மடிக்கணினி 10 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்து, தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று யூனிட்டை யார் பார்ப்பார்கள்? உண்மைதான், மின்பில்லில் இது தெரியாது. செலவு விழுவது வேறு கணக்கில். மடிக்கணினியின் லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். மூன்று மணி நேரம் வர வேண்டியது இரண்டு மணியில் இறங்கினால் அந்தச் சில நூறு சுற்றுகள் சீக்கிரம் தீரும். புதிய பேட்டரியின் விலை வீட்டின் பல மாத மின்பில்லைவிட அதிகம். அதற்குமேல் ஒன்று: எந்தப் பழுதும் இல்லாத கணினி 'ஸ்லோ' என்று ஓரம் கட்டப்படுகிறது. அதன் இயந்திரம் தேயவில்லை, பக்கங்கள்தான் கனத்தன. உலக இணையப் பக்கங்களை எடைபோட்டுப் பதிவு செய்யும் எச்.டி.டி.பி. ஆர்கைவ் கணக்கில், கணினிக்கான நடுத்தரப் பக்கம் 2010-ன் கடைசியில் சுமார் 470 கிலோபைட். 2022-ல் 2.3 மெகாபைட். சொல்லும் செய்தி ஐந்து மடங்கு பெருகவில்லை. 2011-ல் வந்த கணினி 2016-ல் கிழடாகத் தெரிந்ததற்கு இந்தக் கணக்கில் பெரிய பங்கு இருக்கிறது.

சுமையைப் படிப்பவர் மேல் ஏற்றாமல் வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது, நம் நாட்டில் பல லட்சம் பேர் அதைக் கையில் வைத்திருந்தார்கள். 2006-ல் உலகம் முழுக்க வெளியான ஓபெரா மினி, பக்கத்தைத் தன் சர்வரில் வரைந்து சுருக்கி, பத்தில் ஒரு பங்காக்கி போனுக்கு அனுப்பியது. நோக்கியா பட்டன் போனில், டூ-ஜி இணைப்பில், பத்து ரூபாய் ரீசார்ஜில் இணையம் பார்த்த தலைமுறைக்கு அது தெரியும். அந்த போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபெரா மினியின் ஒளிந்திருந்த அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால், சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். தமிழ் வலைப்பதிவுகளில் அந்தக் குறிப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. 1995-ன் ஷெல் கணக்கு வேறு உருவில் திரும்பி வந்ததுபோல் இருந்தது அது. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பக்கத்தை நடுவில் ஒரு சர்வர் திறந்து வரைகிறது என்றால், ரகசியச் சொல்லும் வங்கிப் பக்கமும் அங்கே திறக்கப்பட்டுத்தான் வர வேண்டும். பணப் பரிமாற்றம் போனுக்குள் வந்ததும் அது ஏற்கத்தக்கதாக இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் சுருக்கி அனுப்பும் தேவையும் பலருக்குப் போயிற்று. டேட்டா மலிந்ததைக் கொண்டாடிய யாரும் பேட்டரி மலியவில்லை என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அளவுகோல் வரத் தொடங்கியதே இந்தக் கட்டத்தில்தான், அதுவும் போட்டியால். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஒரே மாதிரிக் கணினிகளில் வீடியோ ஓட்டிப் பார்த்து, தன் எட்ஜ் 7 மணி 22 நிமிடமும் குரோம் 4 மணி 19 நிமிடமும் தாங்கின என்று அறிவித்தது. தன் சரக்கைத் தானே எடைபோட்ட சோதனை, அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் பேட்டரிக்கு ஓர் எண் பொதுவெளிக்கு வந்தது, அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது. 2017 மார்ச்சில் குரோம், பின்னணியில் கிடக்கும் டேப் சராசரியாகப் புராசஸரின் ஒரு சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு போட்டது. தன் மின்செலவில் மூன்றில் ஒரு பங்கு யாரும் பார்க்காத டேப்களால் ஆவது என்று கூகுள் அப்போது ஒப்புக்கொண்டது. ஒன்பது ஆண்டு ஓடிய இயந்திரத்தில், ஆள் இல்லாத பிரிவு மூன்றில் ஒரு பங்கு கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் எந்த மில் மேனேஜரும் எழுந்து நின்றுவிடுவார். 2022 டிசம்பரில் மெமரி மிச்சப்படுத்தும் வசதியும் பேட்டரி மிச்சப்படுத்தும் வசதியும் குரோமின் அமைப்புக்குள் வந்தன.

இவற்றில் ஆலை முறைக்கு மிக நெருங்கி வந்தது 2020-ல் வந்த ஓர் ஏற்பாடு. ஒரு விளம்பரம் 4 மெகாபைட்டுக்கு மேல் டேட்டா இழுத்தாலோ, எந்த 30 நொடியிலும் 15 நொடி புராசஸரைப் பிடித்தாலோ, மொத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்தாலோ, குரோம் அதைப் பக்கத்திலிருந்து கழற்றிவிடும். ஒப்பந்த டிமாண்டும் மீறினால் தண்டமும் ஒருவழியாக எழுத்தில் வந்தன. கூகுள் சொன்ன எண்கள் கவனிக்கத்தக்கவை: வரம்பை மீறும் விளம்பரங்கள் ஆயிரத்தில் மூன்றுதான், ஆனால் விளம்பரங்கள் தின்னும் மொத்தப் புராசஸர் நேரத்தில் 28 சதவீதம் அந்த மூன்றுக்குப் போனது. அளந்து பார்க்காதவரை இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வரம்பைப் போட்டது விளம்பரத்தில் வாழும் நிறுவனமே என்பதால் அது எவ்வளவு தாராளமாக இருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். மேலும் அந்த வரம்பு விளம்பரத்துக்கு மட்டும். பக்கத்தின் சொந்த நிரல் முன்னால் திறந்திருக்கும்வரை எவ்வளவும் ஓடலாம். வழக்கின் தேதி பார்க்கவும் பட்டா எடுக்கவும் வில்லங்கம் பார்க்கவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் திறக்கும் பக்கத்தின் செலவு, அந்தத் தளத்தைக் கட்டியவர் தன் மேஜையில் எந்தக் கணினி வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தே இன்னமும் இருக்கிறது.